அண்ணி வீட்டு மொசரெல்லா: துருவி வைத்த சீஸ் ஏன் கட்டி தட்டியது?

அண்ணி வீட்டில் சீஸை ஒரு கிலோ பிளாக்காகத்தான் வாங்குவார்கள். ஈரம் குறைந்த மொசரெல்லா, அதாவது பீட்சாவுக்குப் போடும் ரகம். கூடவே கொஞ்சம் செடார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடு. சாண்ட்விச், ஆம்லெட், பாஸ்தா என்று வாரத்தில் பாதி நாள் சீஸ் வேண்டியிருக்கிறது. காலை அவசரத்தில் துருவிக்கொண்டு நிற்க முடியாது. அதனால் வாங்கி வந்த அன்றே மொத்தத்தையும் துருவி, டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார்.

மூன்றாம் நாள் அந்த டப்பாவைக் கவிழ்த்தால் டப்பாவின் வடிவத்திலேயே ஒரு பாளம் வந்து விழும். மேலே இருக்கும் கொஞ்சம் துருவல் மட்டும் உதிரியாக இருக்கும். நடுவிலும் அடியிலும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, எது எந்த இழை என்றே தெரியாது. முள்கரண்டியால் குத்திப் பெயர்த்தால் பாதி பொடியாகும், பாதி உருண்டையாக வரும். அந்த உருண்டையைப் பீட்சா மேல் போட்டால் ஒரு இடத்தில் சீஸ் குளமாக நிற்கும், பக்கத்தில் வெறும் சாஸ் காயும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் கார்ன்ஃப்ளார். அண்ணியும் போட்டுப் பார்த்திருந்தார். "மாவு போட்டும் கட்டி தட்டுது. போடாமலும் கட்டி தட்டுது. போட்டா மாவு வாசனை வேற வருது" என்பது அவருடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்புதான் இந்த ஆய்வுக்கே காரணம். கார்ன்ஃப்ளார் வேலை செய்யும் பொருள்தான். கடையில் பாக்கெட்டில் வரும் துருவிய சீஸ் உதிரியாக இருப்பதற்கு அதுவோ அதன் உறவுக்கார மாவோதான் காரணம். அப்படியிருக்க, இந்த வீட்டில் மட்டும் ஏன் எடுபடவில்லை?

டப்பாவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பிளாக் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து டப்பாவுக்குள் போகும்வரை என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் சரியாகப் பட்டது. பார்த்தது இது.

துருவும் அன்று நடந்தவை

கடையிலிருந்து வந்ததும் மற்ற சாமான்களை எடுத்து வைக்கும்வரை சீஸ் பிளாக் அடுப்பு மேடையிலேயே கிடந்தது. பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. துருவ எடுக்கும்போது பிளாக்கை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. பாக்கெட்டைப் பிரித்ததும் உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு ஸ்பூன் அளவு நீர் வடிந்தது. அதைத் துடைக்காமல் அப்படியே துருவினார்.

துருவியது ஃபுட் பிராசசரில். துருவும் தட்டைப் போட்டு, பிளாக்கைத் துண்டுகளாக வெட்டி, மேலிருந்து தள்ளுகட்டையால் அழுத்தி அழுத்தித் தள்ளினார். கடைசித் துண்டுகள் தட்டின் மேல் மாட்டிக்கொண்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன. தட்டைக் கழற்றியபோது அதன் அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய பிசுக்குப் படலம். விரலை வைத்தால் வழுக்கியது. அது தண்ணீர் இல்லை, கொழுப்பு.

பிராசசர் கிண்ணத்தில் குவிந்த துருவலின் மேல் இரண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைத் தூவி ஒரு கிளறு கிளறினார். பிறகு உயரமான, குறுகலான டப்பா. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததுதான். உள்ளே ஓரங்களில் இன்னும் சில துளிகள் இருந்தன. ஒரு கிலோ துருவல் அதில் தானாக அடங்காது, உள்ளங்கையால் அமுக்கினால்தான் அடங்கும். அமுக்கினார். மூடி போட்டார். ஃபிரிட்ஜ் கதவின் கீழ்த்தட்டில் வைத்தார், எடுக்க வசதி என்று.

அப்புறம் தினமும் காலையில் அந்த டப்பா மேடைக்கு வரும். மூடியைத் திறந்து வைத்தபடியே ஒவ்வொருவருக்கும் சாண்ட்விச் முடிந்து, கடைசித் தட்டு போனபிறகுதான் உள்ளே போகும்.

இதில் எதுவுமே வினோதமான பழக்கம் இல்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

இழைக்கும் இழைக்கும் இடையில்

ஒரு கிலோ மொசரெல்லாவைக் கனசதுரமாக நினைத்துக்கொண்டால் அதன் ஆறு பக்கமும் சேர்ந்து ஒரு பெரிய புத்தகத்தை விரித்துவைத்த அளவுக்கு மேல் பரப்பு இருக்காது. அதையே 2 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் தடிமனில் இழையாகத் துருவினால், கணக்குப் போட்டுப் பார்க்கையில் பரப்பு சுமார் ஒன்றரை சதுர மீட்டர் ஆகிறது. இருபத்தைந்து மடங்குக்கும் மேல். அவ்வளவும் புதிதாக வெட்டுப்பட்ட பரப்பு. வெட்டுப்பட்ட இடத்தில் புரத வலை அறுந்து, அதற்குள் அடைபட்டிருந்த கொழுப்பும் நீரும் வெளியே தெரிய நிற்கின்றன. இந்தப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும் இடமெல்லாம் ஒட்டக் காத்திருக்கும் இடம்தான்.

ஒட்டுவதற்கு மூன்று காரியம் சேர வேண்டும். கொழுப்பு இளக வேண்டும், ஈரம் இருக்க வேண்டும், இழைகள் அழுந்த வேண்டும்.

பால் கொழுப்புக்கு ஒரே உருகுநிலை கிடையாது. பலவகைக் கொழுப்புகளின் கலவை அது. பனிக்குளிரிலேயே திரவமாக இருக்கும் பகுதியும் உண்டு, 40 டிகிரி செல்சியஸ் வரை இளகாமல் தாக்குப்பிடிக்கும் பகுதியும் உண்டு. ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் அதில் பெரும்பகுதி இறுகியிருக்கிறது. சமையலறை மேடையில் 25, 30 டிகிரிக்கு வந்துவிட்டால் பெரும்பகுதி இளகிவிடுகிறது. இளகிய கொழுப்போடு இரண்டு இழைகளை அழுத்தி, அப்படியே குளிரில் வைத்தால் என்ன ஆகும்? கொழுப்பு இரண்டுக்கும் பொதுவாக இறுகும். பற்றவைத்த மாதிரிதான். அதன்பிறகு எவ்வளவு குளிரில் வைத்தாலும் அவை பிரியப்போவதில்லை.

இதை வைத்துப் பார்த்தால் அண்ணி வீட்டுச் சீஸ் மூன்றாம் நாள் கட்டி தட்டவே இல்லை. டப்பாவில் உள்ளங்கையால் அமுக்கிய அந்த நிமிஷத்திலேயே கட்டியாகிவிட்டது. இறுகியது மட்டும்தான் ஃபிரிட்ஜில். சேமிப்பு முறையைப் பற்றி ஆளாளுக்கு யோசனை சொல்வது இதனால்தான் பாதி வீண். எந்த டப்பா, எந்தப் பை, உள்ளே என்ன வைப்பது என்பதெல்லாம் இரண்டாம் கேள்வி. துருவும்போது சீஸ் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

ஃபுட் பிராசசர் இதில் செய்த வேலையும் சின்னதில்லை. வேகமாகச் சுற்றும் தட்டில் சீஸ் உராயும்போது சூடு பிறக்கிறது. மேலிருந்து அழுத்தித் தள்ளும்போது உராய்வு இன்னும் கூடுகிறது. தட்டின் அடியில் கண்ட பிசுக்குப் படலம் அதற்குச் சாட்சி. அதே தட்டின் வழியாக வரும் ஒவ்வொரு இழையும் அந்தக் கொழுப்பைப் பூசிக்கொண்டுதான் கீழே விழுகிறது.

ஈரத்தின் கணக்கு

மொசரெல்லாவில் ஈரம் அதிகம். அமெரிக்கத் தர வரையறைப்படி ஈரம் குறைந்த மொசரெல்லா என்று பெயர் வாங்குவதற்கே 45 சதவீதத்துக்கு மேல் 52 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். செடாருக்கு உச்சவரம்பு 39 சதவீதம், பார்மசானுக்கு 32. உருண்டையாக நீரில் மிதந்து வரும் புது மொசரெல்லாவில் ஈரம் 52-க்கும் மேல். அதைத் துருவி வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஈரம் எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். புதிதாகச் செய்த மொசரெல்லாவில் புரத இழைகளுக்கு நடுவே தனி நீர் தேங்கியிருக்கும். இரண்டு மூன்று வாரங்களில் புரதம் அதை இழுத்துக்கொள்ளும். பாக்கெட்டைப் பிரித்ததும் வெள்ளை நீர் வடிந்தால் அந்த பிளாக் இன்னும் இளசு என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நீரைத் துடைத்துவிட்டுத் துருவினாலே கணிசமான வித்தியாசம் தெரிகிறது.

வெளியிலிருந்து வரும் ஈரம் இன்னொரு வகை. இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அறையில் 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள நீர் துளியாகப் படியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சீஸ் 4 டிகிரியில் இருக்கிறது. மூடியைத் திறந்து மேடையில் வைத்த அந்த நேரமெல்லாம் அறைக் காற்றிலுள்ள நீர் துருவலின் மேல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மறுபடி மூடி உள்ளே வைத்தால் அந்த நீருக்குப் போக வழியில்லை. மறுநாள் காலை மூடியின் உட்புறம் வியர்த்திருக்கும். அண்ணி அதைப் பார்த்திருக்கிறார், "சீஸ்ல இருந்து தண்ணி விடுது" என்றுதான் நினைத்திருக்கிறார். பெரும்பகுதி சமையலறைக் காற்றிலிருந்து வந்தது.

அந்த டப்பா வைக்கப்பட்ட ஃபிரிட்ஜ் கதவுதான் ஃபிரிட்ஜிலேயே அடிக்கடி சூடேறும் இடம். திறக்கும்போதெல்லாம் முதலில் வெளிக்காற்று படுவது அங்கேதான். இளகி, இறுகி, மறுபடி இளகி என்று தினமும் பற்றவைப்பு நடக்கிறது.

நான்கு பங்காகப் பிரித்துப் பார்த்தது

அண்ணிக்கு விளக்கத்தைவிடக் கண்ணால் பார்ப்பதில்தான் நம்பிக்கை. எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. அடுத்து வாங்கிய ஒரே பிளாக்கை நான்காக வெட்டிக்கொண்டோம். முதல் பங்கு பழைய முறையிலேயே, வெதுவெதுப்பாகத் துருவி, அமுக்கி, மாவில்லாமல். இரண்டாவது அதே பழைய முறை, ஆனால் கார்ன்ஃப்ளாரோடு. மூன்றாவது பங்கை ஈரம் துடைத்து, அரை மணி நேரம் ஃபிரீசரில் வைத்து, கைத்துருவியில் பெரிய ஓட்டையில் துருவி, அமுக்காமல் அகலமான டப்பாவில் மாவில்லாமல் வைத்தோம். நான்காவது, மூன்றாவதைப் போலவே, ஆனால் கார்ன்ஃப்ளார் சேர்த்து. எல்லாமே ஃபிரிட்ஜின் உள்தட்டில், கதவில் எதுவும் இல்லை.

அண்ணியின் கண் முழுவதும் இரண்டாவதும் மூன்றாவதும்தான். மாவு போட்ட பழைய முறை, மாவே இல்லாத குளிர்ந்த முறை. சில நாள் கழித்துத் திறந்தபோது இரண்டாவது டப்பாவில் மாவு கொழுப்போடு குழைந்து சின்னச்சின்ன வெள்ளை உருண்டைகளாகத் திரண்டிருந்தது, மீதி பழையபடி பாளம். மூன்றாவது டப்பாவில் அடியில் மட்டும் லேசான ஒட்டு. டப்பாவைக் கையில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டியதும் உதிர்ந்துவிட்டது. நான்காவது, எதிர்பார்த்தபடியே, மணல் போல ஓடியது.

ஒரு வீட்டுச் சமையலறையில் ஒரு பிளாக்கை வைத்துப் பார்த்ததை அறிவியல் முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வரிசை தெளிவாக இருந்தது. குளிரும் தளர்வும் தனியாக நின்றே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகின்றன. அவை இல்லாத இடத்தில் மாவு எதையும் காப்பாற்றவில்லை. கார்ன்ஃப்ளாரைத்தான் முதல் மருந்தாக எல்லோரும் சொல்கிறார்கள். என் கணக்கில் அது கடைசியில் வருவது.

மாவைப் போடுவதானால்

கார்ன்ஃப்ளார் செய்யும் காரியம் எளிது. இழையின் மேல் மெல்லியதாகப் படிந்து, மேலாக இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, இரண்டு இழைகள் நேரடியாகத் தொடாமல் நடுவில் நிற்கிறது. இழையின் மேற்பரப்பு குளிர்ந்து காய்ந்திருந்தால்தான் அது பொடியாகவே நிற்கும். இளகிய கொழுப்பின் மேல் போட்டால் குழைந்துபோகும். குழைந்த மாவு ஒட்டைத் தடுக்காது, பசைக்குத்தான் உதவும்.

தொழிற்சாலைகளில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், கார்ன்ஃப்ளார், பொடித்த செல்லுலோஸ் ஆகியவற்றைச் சுழலும் பெரிய உருளைகளில் துருவலோடு உருட்டிப் பூசுகிறார்கள். பொதுவாகச் சில சதவீதம் அளவுக்குச் சேர்ப்பது வழக்கம். செல்லுலோஸ் என்றதும் மரத்தூளைச் சீஸில் கலக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பும். தாவரங்களின் செல்சுவரிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த நார்ச்சத்து அது. நமக்குச் செரிக்காமல் வெளியே போகும், கெடுதல் இல்லை. வரம்பு மீறிச் சேர்த்தால் அது கலப்படம், வேறு விஷயம். பூஞ்சையைத் தடுக்கப் பல பாக்கெட்டுகளில் நாட்டமைசின் சேர்ப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணிலிருந்து 1955-ல் பிரித்த நுண்ணுயிர் தந்த பொருள் அது, பெயரும் அந்த ஊரால் வந்ததுதான். பாக்கெட்டுக்குள் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் நிரப்புவதும் உண்டு. இவை எதுவும் வீட்டில் கிடையாது. அதனால் கடைப் பாக்கெட் அளவுக்கு நாள்பட வைக்கலாம் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடுவது நல்லது.

வீட்டு அளவு: 250 கிராம் துருவலுக்கு ஒரு டீஸ்பூன் தட்டையாக. எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம். ஈரம் அதிகமாகத் தெரிந்தால் ஒன்றரை டீஸ்பூன் வரை போகலாம். அதற்கு மேல் போனால் அண்ணி சொன்ன மாவு வாசனை வந்துவிடும். குவியலின் மேல் ஸ்பூனோடு கொட்டக் கூடாது. தட்டில் துருவலைப் பரப்பி, டீ வடிகட்டியில் மாவை எடுத்து மேலே தட்டித் தூவ வேண்டும். கிளறுவதற்குக் கரண்டி வேண்டாம், அது அமுக்கும். விரல் நுனிகளால் அடியிலிருந்து அள்ளி மேலே உதிர்த்துவிட்டால் போதும். கையும் குளிர்ந்திருப்பது நல்லது. சூடான கையால் நெடுநேரம் பிசைந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

கார்ன்ஃப்ளாருக்குப் பதிலாக உருளைக்கிழங்கு ஸ்டார்ச் தாராளமாகப் போடலாம். அரிசி மாவு போட்டால் நறநறக்கும். கோதுமை மாவையும் மைதாவையும் பச்சையாகச் சேர்ப்பது பாதுகாப்பில்லை. துருவிய சீஸை வேகவைக்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பால் பவுடர் போடலாமே என்று கேட்டார் அண்ணி. பால் பவுடரிலுள்ள லாக்டோஸ் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தானே கட்டி தட்டும் பொருள்.

இந்த மாவு பாத்திரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ச் 60, 70 டிகிரி வாக்கில் நீரை இழுத்து வீங்கும். பாஸ்தாவுக்குச் சீஸ் சாஸ் செய்பவர்களுக்கு அது லாபம், கொழுப்புப் பிரியாமல் சாஸ் வழவழப்பாக நிற்க உதவும். பீட்சாவுக்கு அவ்வளவு லாபமில்லை. பூச்சு உள்ள இழை மெதுவாகத்தான் உருகும், பளபளப்பும் குறையும். பீட்சாவுக்கென்று துருவுவதானால் மாவே போடாமல் மூன்றாவது முறையில் வைப்பதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

டப்பாவும் பையும்

அகலமும் தாழ்வுமான டப்பா வேண்டும். துருவல் மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் இருந்தால் அடியிலுள்ள இழையின் மேல் பாரம் ஏறாது. ஒரே பெரிய டப்பாவைவிட இரண்டு மூன்று சின்ன டப்பாக்கள் மேல். ஒன்றைத் திறந்து தீர்க்கும்வரை மற்றவை வெளிக்காற்றே படாமல் இருக்கும். அடியில் ஒரு கிச்சன் டிஷ்யூ போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அதை மாற்ற வேண்டும். ஈரமான டிஷ்யூ அப்படியே கிடந்தால் பூஞ்சைக்கு மெத்தை போட்ட மாதிரி. காலையில் தேவையானதை மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை உடனே உள்ளே வைப்பது எந்த மாவும் செய்யாத நன்மையைச் செய்கிறது. எடுக்கும் கையும் ஸ்பூனும் உலர்ந்திருக்க வேண்டும்.

ஜிப் பையில் ஒரு முரண்பாடு இருக்கிறது. பூஞ்சை வராமல் இருக்கக் காற்றை வெளியேற்றச் சொல்வார்கள். காற்றை வெளியேற்றினால் பை இழைகளை அமுக்கும், அமுக்கினால் கட்டி தட்டும். வாக்குவம் சீலர் வைத்திருப்பவர்கள் இன்னும் மோசமாக மாட்டிக்கொள்கிறார்கள். அது நன்றாகத் துருவிய சீஸை மறுபடி ஒரு பிளாக்காக மாற்றிக் கொடுத்துவிடும். ஃபிரிட்ஜில் வைப்பதற்குப் பையில் கொஞ்சம் காற்று இருக்கட்டும், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். காற்றில்லாமல் வைக்க வேண்டுமானால் முதலில் உறையவைக்க வேண்டும்.

உறையவைக்கும் முறை இதுதான். துருவலைத் தட்டில் பார்ச்மென்ட் தாள் விரித்து மெல்லியதாகப் பரப்பி, ஒன்றிரண்டு மணி நேரம் ஃபிரீசரில் வைக்கவும். ஒவ்வொரு இழையும் தனித்தனியாக விறைத்தபிறகு பையில் கொட்டிக் காற்றை அமுக்கி எடுக்கவும். விறைத்த இழை அமுக்கினாலும் ஒட்டாது. மைனஸ் 18 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் நல்ல நிலையில் இருக்கும். அதன்பிறகும் கெடாது, ஆனால் காய்ந்து வெளுத்து ருசி குறையும். சமைக்கும்போது இளகவைக்கத் தேவையில்லை, ஃபிரீசரிலிருந்து நேரே பீட்சாவிலும் சாஸிலும் போடலாம். இளகவைத்து மறுபடி உறையவைப்பதுதான் கெட்ட காரியம். உறையும்போது உள்ளே உருவாகும் பனித்துகள்கள் புரத வலையை அறுத்துவிடுவதால் இளகியபின் நீர் விடும், உதிர்ந்துபோகும். சூட்டில் உருகப்போகும் சீஸுக்கு அது பெரிதாகத் தெரியாது. பச்சையாகச் சாண்ட்விச்சில் வைப்பதற்குத் தெரியும்.

அண்ணி வீட்டில் இந்தத் தட்டு யோசனை எடுபடவில்லை. ஃபிரீசரில் தட்டை வைக்க இடமே இல்லை, ஐஸ்கிரீம் டப்பாக்கள் காலி செய்யப்போவதில்லை. அதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு: துருவலைப் பையில் அரை அங்குல உயரத்துக்குத் தட்டையாகப் பரப்பிப் படுக்கவைப்பது, அரை மணிக்கு ஒருமுறை எடுத்து வெளியிலிருந்தே விரலால் கலைத்துவிடுவது. இரண்டு தடவை கலைத்தால் விறைத்துவிடும். பிறகு பையைப் புத்தகம் போல நிறுத்தி வைக்கலாம். தட்டுமுறை அளவுக்கு இல்லாவிட்டாலும் தேவைக்கு உதிர்கிறது.

பூஞ்சை விஷயம்

கட்டி தட்டினால் எரிச்சல்தான், ஆபத்தில்லை. பூஞ்சை அப்படியில்லை. கெட்டியான பிளாக்கில் ஒரு மூலையில் பூஞ்சை கண்டால் அதைச் சுற்றியும் ஆழமாகவும் 2.5 சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லும் விதி. துருவிய சீஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. பூஞ்சையின் நூல்கள் இழைகளுக்கு நடுவே எங்கெங்கு போயிருக்கின்றன என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு புள்ளி கண்டாலும் டப்பாவோடு குப்பைக்குத்தான். அந்த ஒன்றரை சதுர மீட்டர் பரப்பு பூஞ்சைக்கும் திறந்துகிடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மாவில்லாமலோ மாவோடோ, ஃபிரிட்ஜில் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் துருவினால் போதும். மீதி பிளாக்காகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஃபிரீசருக்குப் போகட்டும்.

செடாரில் வெள்ளைப் புள்ளியைக் கண்டு பதறுகிறவர்களும் உண்டு. அது பஞ்சு போல மெத்தென்று இருந்தால் பூஞ்சை. கல்லு போல நறுக்கென்று இருந்தால் பெரும்பாலும் கால்சியம் லாக்டேட் படிகம், முதிர்ந்த சீஸில் தானாக வருவது, சாப்பிடலாம். துருவியபிறகு இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்பதால் துருவுவதற்கு முன்பே பிளாக்கைச் சுற்றிலும் பார்த்துவிடுவது உசிதம்.

இப்போதைய நிலை

அண்ணி ஒரு கிலோவையும் ஒரே நாளில் துருவுவதை விட்டுவிட்டார். பிளாக் வந்ததும் நேரே ஃபிரிட்ஜின் அடித்தட்டுக்குப் போகிறது, துருவல் மறுநாள்தான். மொசரெல்லாவைத் துருவுவதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரீசர். அதற்கு மேல் விட்டால் ஓரங்கள் உறைந்து, துருவும்போது பொடியாக உடையும். செடாருக்கு ஃபிரிட்ஜ் குளிரே போதுமானது. இரண்டையும் கலந்து ஒரே டப்பாவில் வைக்கும் வழக்கமும் போய்விட்டது. மொசரெல்லாவின் ஈரம் செடாருக்கு ஏறி, இரண்டுமே கெட்டுக்கொண்டிருந்தன. கலக்க வேண்டுமானால் சமைக்கும்போது கலந்துகொள்ளலாம்.

ஃபுட் பிராசசரை அவர் கைவிடவில்லை, கைவிடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஒரு கிலோ சீஸைக் கைத்துருவியில் துருவியவர்களுக்குத்தான் விரல் முட்டிகளின் கதி தெரியும். தட்டையும் கிண்ணத்தையும் முன்கூட்டியே ஃபிரீசரில் வைத்துக்கொள்கிறார். அழுத்தாமல் துண்டுகளைத் தானாக இறங்க விடுகிறார். கால் கிலோவுக்கு ஒருமுறை நிறுத்தித் தட்டைத் துடைக்கிறார். கடைசியில் மேலே மாட்டிச் சுற்றும் துண்டுகளைத் துருவ முயலாமல் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார்.

கார்ன்ஃப்ளார் இப்போது சாண்ட்விச்சுக்கும் பாஸ்தாவுக்கும் போகும் டப்பாவில் மட்டும். பீட்சா டப்பாவில் இல்லை.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இதில் எதுவும் உதவவில்லை. காலாவதித் தேதி நெருங்கிய மொசரெல்லாவை எவ்வளவு குளிரவைத்துத் துருவினாலும் அது பிசுபிசுக்கிறது. நாளாக ஆக அதன் புரதம் சிதைந்து சீஸ் மென்மையாகிவிடுகிறது. துருவியின் ஓட்டையில் இழையாக வெட்டுப்படாமல் களியாக ஒட்டிக்கொள்கிறது. சலுகை விலையில் கிடைத்தது என்று வாங்கி வந்த அப்படிப்பட்ட பிளாக் ஒன்றோடு மல்லுக்கட்டிவிட்டு, "இதைத் துருவவே வேண்டாம் போல" என்றார் அண்ணி. சரிதான். அதைக் கத்தியால் மெல்லிய வில்லைகளாக வெட்டி, நடுநடுவே பார்ச்மென்ட் தாள் வைத்து ஃபிரீசரில் அடுக்கிவிட்டோம். பீட்சாவுக்கு வில்லையாகவே போய்க்கொண்டிருக்கிறது.